சுங்கை சிப்புட் தம்பிக்கு: அக்காவிடம் 1975-ஐக் காட்டிப் பயனில்லை

தம்பி, வீடு வீடாகப் போய்ப் பிரசங்கிக்கும் கிறிஸ்தவ அமைப்பான யெகோவாவின் சாட்சிகளில் சேர்ந்த அக்கா, அவர்கள் எதிர்பார்த்து 1975-இல் வராத உலகமுடிவைக் காட்டியும் அசையவில்லை என்கிறீர்கள். அசையமாட்டார். அப்போதே பலர் விலகியும் அமைப்பு கலையவில்லை. போதனை மாறினால், கடவுள் தந்த ‘புதிய வெளிச்சம்’ என்பார்கள். அப்புறம் பழைய தவறு எடுபடாது. 2023-இல், பிரசங்க ஊழியத்தில் எத்தனை மணிநேரம் செலவிட்டோம் என்ற அறிக்கை சாதாரண உறுப்பினர்களுக்கு வேண்டாம் என்று விட்டார்கள், தாடிக்கும் தடையில்லை என்றார்கள் (தாடி, இத்தனை வருஷம் கழித்து!). 2024-இல், சபையிலிருந்து நீக்கப்பட்டவர் கூட்டத்துக்கு வந்தால் சுருக்கமாக வரவேற்கலாம் என்றார்கள்.

இன்னொன்று, நம் மலேசியாவில் எஸ்டேட் லயத்தை விட்டுத் தாமானுக்கு (புறநகர்க் குடியிருப்புக்கு) வந்தவர்களின் கேட்டில், தங்கள் ‘காவற்கோபுரம்’ தமிழ்ப் பத்திரிகையோடு நின்று பேசுவது அவர்கள்தான். அந்த நெருக்கத்தை எந்த வாதமும் வெல்லாது.

திதிக்கும் பிறந்தநாளுக்கும் அக்கா வரமாட்டார், அவர்கள் அவற்றை அனுசரிப்பதில்லை. சும்மா ஒரு சனிக்கிழமை மீன் கறிக்குக் கூப்பிடுங்கள். இரத்தம் ஏற்ற மறுக்கும் அட்டை வைத்திருக்கிறாரா என்றும் நிதானமாகக் கேட்டுவையுங்கள்.