பதின்பருவ மூளை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மகனுக்கு 16 வயது. வீட்டில் பெரிய மனுஷன் மாதிரி நியாயம் பேசுகிறான். நண்பர்களோடு பைக்கில் ஏறினால் ஹெல்மெட்கூடப் போடுவதில்லை. நடிக்கிறானா?

நடிப்பு இல்லை, இரண்டுமே அவன்தான். ஆற அமர யோசிக்க நேரம் கிடைத்தால் 16 வயதுப் பிள்ளைகள் பெரியவர்களுக்கு ஏறக்குறைய இணையாகவே முடிவெடுக்கிறார்கள். கூட்டமும் பரபரப்பும் சேரும்போதுதான் சறுக்கல். பரபரப்பையும் பாராட்டையும் தேட வைக்கும் மூளைப் பகுதிகள் பூப்பெய்தும் காலத்தை ஒட்டியே வேகமெடுத்துவிடுகின்றன. ‘கொஞ்சம் பொறு’ என்று தடுக்க வேண்டிய நெற்றிப் பகுதி இருபதுகளின் நடுவரை மெதுவாகத்தான் முதிர்கிறது.

அமெரிக்காவில் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரு உளவியலாளர்கள் கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றை வைத்து இதைச் சோதித்து, 2005-இல் வெளியிட்டார்கள். நண்பர்கள் பக்கத்தில் நின்றபோது 13 முதல் 16 வயதுக்காரர்கள் துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் பெரிய மாற்றமில்லை. அதனால் உபதேசத்தை மட்டும் நம்பாதீர்கள். அவனுக்கு ஹெல்மெட் அவசியம் என்று தெரியும். அந்த நேரத்தில் அந்த அறிவு உதவாது. 18 வயதாகி லைசென்ஸ் வாங்கும்வரை வண்டிச் சாவி உங்களிடமே இருக்கட்டும்.

ஆறு வயதிலேயே மூளை 90 சதவீதம் வளர்ந்துவிடுமாமே?

அளவில் சரிதான். அப்புறம் நடப்பது சீரமைப்பு. பயன்படாத நரம்பு இணைப்புகள் கழிக்கப்படும். பயன்படுபவற்றின் மேல் மயலின் என்ற கொழுப்புறை படர்ந்து செய்தி வேகமாகப் போகும். மூளை ஆராய்ச்சியாளர் ஜே கீட்டின் குழு ஒரே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் ஸ்கேன் செய்து பார்த்தது. நெற்றிப் பகுதியின் சாம்பல்நிறப் பொருள் (நரம்பு செல்கள் நிறைந்த திசு) 11, 12 வயதுவாக்கில் உச்சம் தொட்டுப் பிறகு குறைவதாக 1999-இல் வெளியிட்டது. இந்தக் குறைவு இயல்பான முதிர்ச்சிதான், பயப்பட வேண்டாம்.

25-இல் முழுமை அடைந்துவிடுமா?

அப்படி ஒரு பிறந்தநாள் கிடையாது. ஆளுக்கு ஆள் மாறும்.

மகள் நள்ளிரவுவரை தூங்குவதில்லை. காலை ஐந்தரைக்கு டியூஷன் வேறு. போன்தானே காரணம்?

பாதிதான். இந்த வயதில் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பே இரவில் தாமதமாகிறது. தேவையோ 8 முதல் 10 மணி நேரம். போனை ஹாலில் வையுங்கள்; கூடவே அந்த ஐந்தரை மணி டியூஷனையும் நிறுத்துங்கள். நானாக இருந்தால் முதலில் அதைத்தான் நிறுத்துவேன்.

எப்போது டாக்டரிடம் போகவேண்டும்?

எரிச்சல், கதவடைப்பு எல்லாம் வயசுக் கோளாறு. இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு, சாப்பாடு பிடிக்காமை, நண்பர்களைத் தவிர்ப்பது என்றால் காட்டிவிடுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.