அலிபாக் போகும் முன் திதியைப் பாருங்கள்

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறோம், சொந்த வண்டி இல்லை. சென்ற முறை அலிபாக் போனபோது கடல் வெகுதூரம் உள்வாங்கி, கரை சேறும் மணலுமாகக் கிடந்தது. நாகப்பட்டினத்தில் சுனாமியை நேரில் கண்ட என் மாமியார் அஞ்சிப்போய்க் கரையில் உட்காரவே மறுத்துவிட்டார். அவருக்கு மூட்டுவலியும் உண்டு. இந்த டிசம்பரில் ஒரு சனி, ஞாயிறு குழந்தைகளோடு மறுபடி போக விரும்புகிறோம். கடல்கோட்டையையும் பார்க்க வேண்டும். எந்த வாரம் போகலாம்?

பதில்: உங்கள் மாமியாரின் அச்சம் முற்றிலும் நியாயமானது. நாகப்பட்டினத்துக் கரையில் ஓத ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே நீர்மட்டம் ஒரு மீட்டரை ஒட்டியே மாறும் என்பதால், அங்கே கடல் கண்ணெதிரே பின்வாங்கினால் அது ஆபத்தின் அறிகுறிதான். மும்பை, அலிபாக் பகுதியிலோ கரையை ஒட்டிய கடலடித் தளம் அகன்று ஆழமின்றி இருப்பதால், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த வேறுபாடு 4 மீட்டரையும் தாண்டும். தட்டையான கரையில் அவ்வளவு நீர் இறங்கும்போது கடல் காணாமற்போனது போலத் தோன்றும். ஆறு மணி நேரத்தில் அது திரும்பிவிடும்.

ஆகவே இந்தக் கரைக்குப் போவதற்கு வெயிலையும் விடுமுறையையும் மட்டும் பார்த்தால் போதாது, திதியையும் பார்க்க வேண்டும். கொங்கண் மீனவர்களிடம் பழைய கணக்கொன்று உண்டு: அமாவாசை அல்லது பௌர்ணமிக்குப் பிறகு எத்தனையாவது திதியோ அந்த எண்ணை முக்காலால் பெருக்கினால், கடல் நிரம்பி நிற்கும் மணி கிடைக்கும். சதுர்த்தி என்றால் நாலு முக்கால் மூன்று. பிற்பகல் மூன்று மணிக்கு நீர் உச்சத்தில் இருக்கும், அதற்கு ஆறு மணி நேரம் முன்பு, காலை ஒன்பதை ஒட்டி, அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். ஊரிலிருந்து வரும் தினசரி நாட்காட்டி வீட்டில் மாட்டியிருந்தால் இதற்கு அதுவே போதும். இது தோராயக் கணக்குதான் என்பதால், புறப்படும் முன் ஓத நேர அட்டவணையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை திரிதியை, ஞாயிறு சதுர்த்தி என அமையும் வாரத்தையே உங்களுக்குப் பரிந்துரைப்பேன்; ஒரு நாள் முன்பின் ஆனாலும் குறையில்லை. சனி பிற்பகல் இரண்டேகால் மணியளவில் கடல் கரையருகே நிறைந்திருக்கும். நண்பகலிலிருந்து அதுவரை, நீர் ஏறிவரும் நேரத்தில், குழந்தைகள் முழங்கால் ஆழத்துக்குள் விளையாடலாம். நீர் வடியத் தொடங்கியதும் கரையேற்றிவிடுங்கள், ஏனெனில் வடியும் நீர் ஆளை உள்ளே இழுக்கும்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு மேல் ஈரமணலில் நடந்தே குலாபா கோட்டைக்குப் போகலாம். மாமியாருக்குக் குதிரைவண்டி உண்டு. மராட்டியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்க்ரேயின் தளமாக விளங்கிய கோட்டை அது. உள்ளே பிள்ளையார் கோயிலும், சுற்றிலும் உப்புநீர் சூழ்ந்திருக்க நன்னீர் ஊறும் கிணறும் உள்ளன. அந்தக் கிணற்றைக் குழந்தைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். பத்து மணிக்குள் கரை திரும்பிவிட வேண்டும். தாமதித்தால் வந்த வழி நீரில் மூழ்கும், பிறகு படகுக்குக் காத்திருக்க நேரும். அங்குள்ளவர்களிடம் நீர் இறங்கும் நேரத்தை விசாரிக்க "ஓஹோட்டி கதீ?" என்று கேட்டால் போதும், ஏற்றத்துக்கு அவர்கள் சொல் "பர்த்தி". அஷ்டமியை ஒட்டிய வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள், அதுவும் கோட்டைக்காகத்தான்: அப்போது கடல் இறங்குவது நண்பகலில், அதுவும் அரைகுறையாக.

பயணத்தைப் பொறுத்தவரை, கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து அலிபாக் பக்கத்துப் படகுத்துறையான மாண்ட்வாவுக்குச் செல்லும் படகுகள் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சேர்த்துவிடும், ஆனால் ஆடும் படகில் படியிலிருந்து கால்வைத்து ஏறுவது மூட்டுவலிக்காரருக்குச் சிரமம். மும்பையின் இன்னொரு படகுத்துறையான பாவுச்சா தக்காவிலிருந்து 2020 முதல் இயங்கும் ரோ-ரோ கப்பலில் வண்டிகளே உருண்டு ஏறும் என்பதால் அவரும் நிதானமாக ஏறலாம். மாண்ட்வாவிலிருந்து அலிபாக் சுமார் 20 கிலோமீட்டர். பேருந்தும் ஆட்டோவும் கிடைக்கும்.

கோட்டையிலிருந்து திரும்பியதும் உடனே அறைக்குப் போய்விடாதீர்கள். நிழலில் மாமியாரை உட்காரவைத்து, ஈரமணலின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவையுங்கள். சற்று நேரத்தில் நீர் அதைத் தொடும், பிறகு மெல்ல அதைக் கடந்து ஏறும். கடல் அமைதியாகத் திரும்பி வருவதை அவர் தம் கண்ணாலேயே பார்ப்பார்.