கடல் மின்சாரத்துக்கு பிரிட்டன் அரசு தரும் விலை உறுதி என்றால் என்ன?

ஏலத்தில் முடிவான விலையை நீண்ட காலத்துக்கு (2022 ஏலத்தில் 15 ஆண்டுகள்) உறுதி செய்யும் ஒப்பந்தம் இது. சந்தை விலை அதற்குக் கீழே போனால் குறையும் தொகையை அரசு அமைப்பு ஈடுகட்டும், நெல்லுக்கு ஆதார விலை இருப்பது போல.

எதற்கு இது? கடலடியில் டர்பைன் (நீரோட்டத்தில் சுழன்று மின்சாரம் தரும் இயந்திரம்) இறக்க முதலிலேயே பெரும் பணம் வேண்டும். உப்புநீரும் வேகமான நீரோட்டமும் இயந்திரத்தைச் சும்மா விடாது. வருமானம் நிச்சயமில்லை என்றால் யார் கடன் கொடுப்பார்கள்?

2022 ஏலத்தில், 2012 விலை மதிப்பில், ஒரு மெகாவாட்-மணிக்கு (1,000 யூனிட்) கடல் காற்றாலை மின்சாரம் 37.35 பவுண்டு, ஓத நீரோட்ட (கடல் ஏறி இறங்கும்போது ஓடும் நீர்) மின்சாரம் 178.54. இரண்டையும் ஒரே ஏலத்தில் மோதவிட்டால் ஓதம் தேறாது. அதனால்தான் அதற்கென்று ஆண்டுக்கு 2 கோடி பவுண்டைத் தனியே ஒதுக்கினார்கள். ஸ்காட்லாந்தின் மேஜென் ஓத மின்திட்டம் 28 மெகாவாட்டுக்கு ஒப்பந்தம் பெற்றது அப்படித்தான்.

பலர் நினைப்பது போல் இது இனாம் அல்ல: சந்தை விலை உறுதி விலையைத் தாண்டினால், கூடுதல் தொகையை நிறுவனம் திருப்பிக் கட்ட வேண்டும்.