வீட்டில் காண்டாமிருக வண்டு வளர்த்துப் பெருக்க முடியுமா?

முடியும். பத்து மாதம் ஒரு வெள்ளைப் புழுவுக்கு மக்கு (இற்றுப்போன கட்டையும் இலையும்) போட்டுக்கொண்டிருக்க உங்களுக்கும் மகனுக்கும் சம்மதம் என்றால்.

நீங்கள் கோத்தகிரிக்காரர். ஆறாம் வகுப்பு படிக்கும் மகன், ஜப்பானியப் பிள்ளைகள் கொம்பு வண்டு வளர்ப்பதைக் காணொளியில் பார்த்துவிட்டு அதே வண்டு வேண்டும் என்கிறான். எங்கே வாங்கலாம், எப்படி முட்டையிட வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீடு பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம். கொஞ்சம் காப்பி, அதன் நடுவே பலாவும் மலைவாழையும். நான்கு வருடமாக வளர்க்கிறேன். முதல் இரண்டு வருடம் கொன்றேன் என்று சொல்வதுதான் நியாயம்.

முதலில் ‘அதே வண்டு’ ஆசையை விட்டுவிடுங்கள். உயிருள்ள பூச்சியை வெளிநாட்டிலிருந்து அனுமதியில்லாமல் வரவழைப்பது சட்டப்படி குற்றம். 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை பூச்சிகளுக்கும் பொருந்தும். இது வெறும் அதிகாரிகளின் கெடுபிடி அல்ல. 1909இல் இலங்கையிலிருந்து சமோவா தீவுக்குப் போன ரப்பர் கன்றுகளோடு நம் தென்னை வண்டும் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து பசிபிக் தீவுகளில் தீவு தீவாகப் பரவி, தென்னையை நம்பியிருந்தவர்களின் வயிற்றில் அடித்தது.

அந்தத் தென்னை வண்டையும் வளர்க்க வேண்டாம். வளர்க்க எளிதுதான், எருக்குழியைக் கிளறினால் புழு கிடைக்கும். ஆனால் என் மச்சானுக்கு வத்தலக்குண்டில் தென்னந்தோப்பு. குருத்து விரியும்போது மட்டையெல்லாம் கத்தரியால் வெட்டிய விசிறிபோல் இருப்பதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போனவர். என் பெட்டியைப் பார்த்துவிட்டு, “நாங்கள் மரமேறிக் கம்பிக் கொக்கியால் குத்தி எடுக்கிறோம், நீங்கள் வாழைப்பழம் ஊட்டுகிறீர்களா மாப்பிள்ளை?” என்றார். என்னிடம் இருந்தது அது இல்லை என்று புரிய வைக்க ஒரு முழு மதியம் ஆயிற்று.

என்னிடம் இருப்பது மலையோரக் காடுகளிலும் தோட்டங்களிலும் வாழும் இன்னொரு வகை. அறிவியல் பெயர் சைலோட்ரூப்பஸ். ஆணுக்குத் தலையில் ஒரு கொம்பு, முதுகில் ஒரு கொம்பு, இரண்டும் நுனியில் கவைபோல் பிரிந்திருக்கும். தொட்டால் வயிற்றைச் சிறகோடு உரசிச் சீறும். குக்கர் விசில் வருவதற்கு முன் கேட்குமே, அந்தச் சத்தம். வடக்குத் தாய்லாந்தில் கரும்புத் துண்டில் ஏற்றிச் சண்டைக்கு விடுவது இதன் உறவுக்கார வண்டுகளைத்தான். கோடை மழை இரண்டு பெய்ததும் வாசல் விளக்குக்குத் தானாக வந்து விழும். காட்டுக்குள் போய்ப் பிடிக்காதீர்கள். காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் பூச்சி எடுப்பதும் வழக்கில் கொண்டுபோய் விடும். கொடைக்கானல் மலையின் பெரும்பகுதி 2013இல் சரணாலயமாகிவிட்டது; உங்கள் பக்கமும் காப்புக்காடுகள் உண்டு. வாசலுக்கு வந்த ஒரு ஜோடி போதும். கோத்தகிரி உயரத்தில் இது வருமா என்பது சந்தேகம். கீழே குஞ்சப்பனைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் யாரிடமாவது சொல்லி வையுங்கள்.

ஜோடி கிடைத்தால் நான்கைந்து நாள் சேர்ந்திருக்கட்டும். பிறகு ஆணைத் தனியாக வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பெண்ணை முட்டையிட விடாது. தீனி, நன்கு கனிந்த வாழைப்பழம். தர்பூசணி கொடுத்தால் கழிச்சல்தான். பெண்ணுக்குப் பதினைந்து லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் பெட்டி. கீழ்ப்பாதி மக்கை உள்ளங்கையால் அழுத்தி இறுக்க வேண்டும், அந்த இறுக்கத்தில்தான் முட்டை வைக்கும். மேல்பாதி பொலபொலவென்று இருக்கட்டும். என் வீட்டில் முட்டை மூன்று வாரத்தில் பொரிந்தது. பெரிய வண்டுகளின் ஆயுள் அதற்குப் பின் இரண்டு மாதமோ மூன்று மாதமோ.

இனி இருப்பதெல்லாம் மக்கு.

வண்டாகிவிட்ட பிறகு அது ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. எவ்வளவு வாழைப்பழம் கொடுத்தாலும் கொம்பு நீளாது. கொம்பின் அளவு புழுவாக இருக்கும்போது தின்றதில் அடங்கியிருக்கிறது. 2012இல் அமெரிக்காவின் டக்ளஸ் எம்லன் குழு உங்கள் மகன் பார்த்த அந்த ஜப்பானிய வண்டை வைத்தே இதை ஆராய்ந்தது. எவ்வளவு தீனி கிடைத்தது என்று உடம்புக்குச் சொல்லும் இன்சுலின் சமிக்ஞைக்குச் சிறகைவிடக் கொம்பு பலமடங்கு கூர்மையாக எதிர்வினை காட்டுகிறது என்று கண்டது. தீனி குறைந்த புழு, வண்டானதும் உடம்பில் கொஞ்சம்தான் சிறுக்கும், கொம்பிலோ மிகவும் சிறுத்துப்போகும். எனக்கு முதன்முதலில் வந்த ஆணைப் பார்த்து அம்மா, “பொட்டைதானே?” என்று கேட்டார்.

நல்ல மக்கு என்றால், விரலால் நசுக்கினால் உதிர்கிற அளவுக்கு இற்றுப்போன பலா அல்லது முள்முருங்கைக் கட்டை, ஒரு வருடம் கிடந்து கறுத்த இலைமக்கு, அதில் நான்கில் ஒரு பங்கு பழைய தொழுவுரம். பைன், சைப்ரஸ், யூகலிப்டஸ் வேண்டாம். உங்கள் ஊரில் கைக்கெட்டும் தூரத்தில் அவைதான் இருக்கும், இருந்தாலும் வேண்டாம். பிசினும் எண்ணெயும் ஆகாது. இரண்டு நாள் வெயிலில் பரப்பிப் பூரானையும் எறும்பையும் விரட்டிவிட்டுத் தண்ணீர் தெளியுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் கொழுக்கட்டைபோல் நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது.

பழைய தொழுவுரம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இரண்டாவது வருடம் அவசரப்பட்டு இருபது நாள் சாணத்தைக் கலந்தேன். மறுநாள் காலையில் புழுக்கள் எல்லாம் மேலே வந்து கிடந்தன. வெளிச்சத்துக்கே வராத பிராணி மேலே வந்து படுக்கிறது என்றால் உள்ளே இருக்க முடியவில்லை என்று பொருள். எனக்கு அது தெரியவில்லை. பசியாக்கும் என்று நினைத்துத் திரும்பப் புதைத்தேன். சாயங்காலம் கைவிட்டுப் பார்த்தபோது மக்கு வெந்நீர்ப் பானைபோல் சுட்டது. ஒன்பது புழு. கறுத்துத் தொளதொளத்துப் போயிருந்தவற்றை வாழை மூட்டில் கொட்டினேன்.

புழு சுண்டுவிரல் பருமன் ஆனதும் ஆளுக்கொரு டப்பா. ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று கடிக்கும், உங்கள் விரலையும் கடிக்கும். மூன்று லிட்டர் டப்பா போதும், மூடியில் சிறு துளைகள். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை பாதி மக்கை மாற்றுங்கள். எப்போது என்று புழுக்கையே சொல்லும்: மேலே ஆட்டுப் புழுக்கையின் சிறுபதிப்பாகக் கறுப்பு உருண்டைகள் குவிந்தால் தீனி தீர்ந்தது. அதை எறிந்துவிடாதீர்கள், எங்கள் வீட்டு ரோஜா அதில்தான் பூக்கிறது. ஆணா பெண்ணா என்று பார்க்க ஆசையிருந்தால் புழுவைப் புரட்டி, அடிவயிற்றில் கடைசி வளையத்துக்கு முந்தைய வளையத்தைப் பாருங்கள். நடுவில் கடுகளவு கறை தெரிந்தால் ஆண்.

அக்கம்பக்கத்தார் கேள்வி கேட்பார்கள். உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிற ஊரில் வெள்ளைப் புழு என்றாலே வேர்ப்புழுதான். இது செத்த மரத்தைத் தின்பது, உயிருள்ள வேர் இதற்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். நம்ப மாட்டார்கள்.

கோத்தகிரி சுமார் 1800 மீட்டர். எங்கள் ஊரைவிட ஐந்நூறு மீட்டர் அதிகம், ஆகவே குளிரும் அதிகம். மார்கழி, தை மாதங்களில் புழு தின்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும். சாகாது, ஆனால் பத்து மாதம் பதினான்கு மாதமாகலாம். நான் டப்பாக்களைச் சமையலறைப் பரணில் ஏற்றினேன். இரவில் புழு டப்பாவைச் சுரண்டும் சத்தத்தை எலி என்று நினைத்து அம்மா பரணில் எலிப்பொறி வைத்தார். பொறியில் விழுந்தது என் விரல்.

ஒன்பதாவது பத்தாவது மாதத்தில் புழு மஞ்சள் ஏறித் தோல் சுருங்கும். மக்குக்குள் முட்டை வடிவில் ஓர் அறை கட்டி, சுவரைத் தன் புழுக்கையால் மெழுகிக்கொள்ளும். அதன்பின் டப்பாவை அசைக்கவே கூடாது. அறை இடிந்தால் வண்டு கோணலாகும். எனக்கு ஒருமுறை அதிர்ஷ்டம், அறை டப்பாவின் சுவரை ஒட்டி அமைந்துவிட்டது. டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டி இரவு பதினொன்றுக்கு உட்கார்ந்தேன். முதுகுத் தோல் வெடித்தது, புழுவின் தலை ஓடு கழன்றது. உள்ளே கொம்பு இல்லை. கசக்கி மடித்த ஈரத்துணிபோல் ஏதோ இருந்தது. அது பலூன்போல் மெல்ல ஊதியது. மடிப்பு ஒவ்வொன்றாகப் பிரிந்தது. இரண்டு மணி நேரத்தில் பால் நிறத்தில் முழுக் கொம்பு, நுனியில் கவை உட்பட. நரம்பு இழுக்கவில்லை, எலும்பு வளரவில்லை. உடம்பு நீரை உள்ளே தள்ளியே நிமிர்த்திக்கொள்கிறது.

இது இன்னும் வண்டு அல்ல, கூட்டுப்புழு. அதன்பிறகு எங்கள் வீட்டில் ஐந்து வாரத்தில் வண்டாயிற்று. சிறகு முதலில் வெள்ளை, பிறகு செம்பழுப்பு, பிறகுதான் கறுப்பு. அதுவாக மேலே வரும்வரை தோண்டாதீர்கள். வந்த பிறகும் சில நாள் எதுவும் தின்னாது. உடம்பு சரியில்லையோ என்று உங்கள் மகன் பதறுவான்.

ஒரு பெண் ஐம்பது முட்டைக்குமேல் வைக்கும். ஐம்பது டப்பா வைக்க உங்கள் வீட்டிலும் இடமிருக்காது. எட்டை வைத்துக்கொண்டு மீதியை, பெற்ற ஜோடி எந்தத் தோட்டத்திலிருந்து வந்ததோ அங்கேயே இற்ற கட்டை அடியில் விட்டுவிடுங்கள். வேறு ஊருக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். அந்த எட்டையும் வீட்டுக் கோழியின் கண்ணில் படாமல் வைக்க வேண்டும். எங்கள் வெடைக்கோழி ஒரே கொத்தில் பதினெட்டு கிராம் புழுவைத் தூக்கிக்கொண்டு ஓடியது; மூன்று நாள் முந்திதான் தராசில் வைத்து எடை குறித்திருந்தேன்.