டோரு பள்ளத்தாக்குக்கு ஒரு நாள்: எந்த டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கலாம்?

கேள்வி: செப்டம்பரில் போர்ச்சுகல் போகிறோம். நான், கணவர், 68 வயது மாமியார், 11 வயது மகள். போர்ட்டோவில் மூன்று நாள். அதில் ஒரு நாள் டோரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் அந்தப் படிக்கட்டுத் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்க ஆசை. தேடினால் ஆளுக்கு 15 யூரோவிலிருந்து 150 யூரோ வரை வருகிறது, எல்லாவற்றிலும் அதே ஆறு, அதே படகு, அதே போட்டோ. எதை வாங்குவது?

பதில்: போட்டோவை விடுங்கள், எந்த ஊர் வரை போகிறது என்று மட்டும் பாருங்கள். விலையின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

15, 20 யூரோவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ‘ஆறு பாலங்கள்’ சவாரி. ஐம்பது நிமிஷம், போர்ட்டோவுக்கும் எதிர்க்கரை விலா நோவா ட கையாவுக்கும் நடுவில் பாலங்களுக்கு அடியில் போய்த் திரும்பி வரும். சாயங்கால வெயிலில் நன்றாகவே இருக்கும், ஆனால் ஒரு திராட்சைக் கொடி கண்ணில் படாது. ‘டோரு குரூஸ்’ என்ற பெயரைப் பார்த்து இதை எடுத்துவிட்டு, தோட்டம் எங்கே என்று கேட்பவர்கள் நிறைய.

அடுத்தது, காலையில் போர்ட்டோவில் ஏறி சாயங்காலம் ரேகுவாவில் இறங்கி ரயிலில் திரும்பும் முழுநாள் படகு. இதில் வழியில் இரண்டு அணைகளைத் தாண்ட வேண்டும். கராபத்தேலு அணையில் படகு ஒரு பெரிய கிணறு மாதிரி இடத்துக்குள் நுழையும், பின்னால் கதவு மூடும், பாசி பிடித்த ஈரச்சுவர் இரண்டு பக்கமும் ஒட்டி நிற்க, தண்ணீர் ஏற ஏற படகு சுமார் 35 மீட்டர் மேலே வரும். உங்கள் மகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஒயின் பிரதேசத்தின் எல்லையே பார்க்கேரோஸ் பக்கம்தான் ஆரம்பிக்கிறது, ரேகுவா அதற்குச் சற்று மேலே. அதாவது நாளின் பெரும்பகுதி எல்லைக்கு வெளியிலேயே போய்விடும். மாமியாருக்கு அலைச்சல் இல்லாமல் உட்கார்ந்து வர இது வசதி, தோட்டம்தான் முக்கியம் என்றால் தப்பான டிக்கெட்.

நீங்கள் போட்டோவில் பார்த்த இடம் ரேகுவாவுக்கும், ஆற்றில் அதற்கு மேலே இருக்கும் பின்யா என்ற சிற்றூருக்கும் நடுவில், அப்புறம் பின்யாவைத் தாண்டி. காசு கொடுப்பதே அந்த இடத்தில் செலவாகும் மணிநேரத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லை என்றேனே, அதுவே ஒரு நுகர்வோர் தகராறில் பிறந்ததுதான். 1750களில், இந்தப் பள்ளத்தாக்கின் இனிப்பான, வீரியம் கூடிய போர்ட் ஒயினில் கலப்படம் என்று பெரிய கூச்சல். நிறம் ஏற்ற எல்டர்பெர்ரிச் சாறு, எங்கிருந்தோ வந்த மட்ட ஒயின், விலையும் விழுந்தது. 1756இல், பின்னாளில் பொம்பால் மார்க்கீஸ் என்று பட்டம் பெற்ற அமைச்சர், ஒரு கம்பெனியை ஏற்படுத்தி, எந்த நிலத்துத் திராட்சை ஏற்றுமதி ஒயினுக்கு ஆகும் என்று எல்லை போட்டு, கருங்கல் தூண்களை நட்டார். எல்டர் மரங்களைப் பிடுங்கி எறியவும் உத்தரவு. சில தூண்கள் இன்றைக்கும் தோட்டங்களில் நிற்கின்றன. அவரைத் தியாகி என்றும் நினைக்க வேண்டாம், கம்பெனிக்குக் கிடைத்தது ஏகபோகம். வயிற்றில் அடிபட்ட போர்ட்டோ சாராயக் கடைக்காரர்களும் மக்களும் 1757இல் கலகம் செய்தபோது தூக்கில் போட்டே அடக்கினார்கள். 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இந்த ஆல்டோ டோரு, அதாவது மேல் டோரு, பகுதியைத்தான்.

சரி, மிச்சம் இரண்டு வழி. வேன் டூர்: ஆளுக்குச் சுமார் 100 யூரோவும் மேலும், இரண்டு கின்டா, அதாவது ஒயின் தோட்டப் பண்ணை, மதியச் சாப்பாடு, பின்யாவில் ஒரு மணிநேரப் படகு. ரயில்: பின்யாவுக்கு ஒரு வழிக்குச் சுமார் 12 யூரோ, 65 தாண்டியவர்களுக்கும் 4 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கும் பாதி. நாலு பேரும் போய்வர 75 யூரோவை ஒட்டி வரும். உங்கள் குடும்பத்துக்கு நான் ரயில்தான் சொல்வேன். வாடகைக் காரை மட்டும் யோசிக்காதீர்கள். ரேகுவா–பின்யா சாலை உலகின் சிறந்த சாலை என்றெல்லாம் பேர் வாங்கியதுதான், ஆனால் வளைவுக்கு வளைவு கின்டா, ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம். யாரோ ஒருவர் நாள் முழுக்க ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயைக் கட்ட வேண்டும்.

கேள்வி: ரயிலில் நாமே போனால் என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் சீட். போர்ட்டோவிலிருந்து போகும்போது வலது பக்கம் உட்காருங்கள், ஆறு அந்தப் பக்கம்தான். நான் முதல் தடவை அவசரத்தில் இடது பக்கம் உட்கார்ந்து, இரண்டரை மணிநேரம் பாறையையும் எதிர் சீட்டுக்காரர் காதையும் பார்த்துக்கொண்டு போனேன். சீட் நம்பர் கிடையாது, முந்தினவருக்கே ஜன்னல், அதனால் சாவ் பெந்து ஸ்டேஷனுக்கு அரைமணி முன்னால் போய்விடுங்கள். காத்திருப்பதும் வீணில்லை, அங்கே கூடத்துச் சுவர்களில் சுமார் 20,000 நீல ஓடுகளில் போர்ச்சுகலின் சரித்திரமே இருக்கிறது.

பின்யா வரை போகும் ரயில்கள் நாளுக்கு நாலைந்துதான், சில ரேகுவாவோடு நின்றுவிடும். திரும்பும் கடைசி ரயில் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு அதற்கு முந்தைய ரயிலைக் குறிவையுங்கள். பின்யாவில் இறங்கினதும் ஓடிவிடாதீர்கள், ஸ்டேஷன் சுவரில் 1937இல் பதித்த ஓட்டுப் படங்கள், கூடை சுமக்கும் பெண்கள், பீப்பாய் ஏற்றிய ரபெலோ படகுகள் எல்லாம் இருக்கின்றன. அந்தப் படகுகளில்தான் ஒரு காலத்தில் ஒயின் கையாவுக்கு இறங்கியது. அணைகள் வருவதற்கு முன்னால் ஆறு இப்படிச் சாதுவாக இருக்கவில்லை. படித்துறையில் ரபெலோ சாயலில் கட்டிய படகுகள் ஒரு மணிநேரச் சவாரி போகும், அங்கேயே டிக்கெட் வாங்கலாம்.

கின்டாவை மட்டும் முன்பதிவு செய்யுங்கள், அதுவும் செப்டம்பர் அறுவடைக் காலம். ஸ்டேஷனிலிருந்து சில நிமிஷ நடையில் கின்டா டு போம்ஃபிம் இருக்கிறது, மாமியாரால் நடக்க முடியும். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். ‘ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம்’ என்று அந்த ஊர்க்காரர்களே சொல்வார்கள்.

கேள்வி (இன்னொரு வாசகர்): போன மாதம் ஒரு வேன் டூரில் ‘இரண்டு கின்டா, சாப்பாடு உட்பட’ என்று 110 யூரோ கட்டினேன். ஒரு கின்டாவுக்கு மட்டும் கூட்டிப்போய், இரண்டாவது என்று ஒரு கடையில் நிறுத்தி பாட்டில் விற்றார்கள். 14 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்கிறார்களே?

பதில்: அந்த 14 நாள் விதி ஐரோப்பாவில் ஆன்லைனில் வாங்கும் பொருட்களுக்கு உண்டு, தேதி குறித்த பொழுதுபோக்குச் சேவைக்கு இல்லை. பேக்கேஜ் டூர் சட்டமும் 24 மணிநேரத்துக்குக் குறைந்த, இரவு தங்காத பயணத்துக்குப் பொருந்தாது. அதற்காக விட்டுவிட வேண்டாம், உங்கள் வழக்கே வேறு: சொன்னதைத் தரவில்லை. பதிவு செய்தபோது இருந்த விவரத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடு, தராத பங்குக்குரிய தொகையை எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் புகார்ப் புத்தகம். போர்ச்சுகலில் வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் தொழில் எதுவானாலும் ‘லிவ்ரு ட ரெக்லமசோய்ஷ்’ என்ற புத்தகத்தை வைத்திருக்க வேண்டும், கேட்டால் மறுக்கக் கூடாது, அரசின் இணையதளத்திலும் பதியலாம். அதில் போட்டால் 15 வேலை நாளில் பதில் சொல்லியாக வேண்டும். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலும் ஒரு தகராறு மனு போடுங்கள். இனி வாங்குகிறவர்கள், விளம்பரத்தில் கின்டாவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ‘பாரம்பரிய கின்டா ஒன்று’ என்று பெயரில்லாமல் இருந்தால் சந்தேகப்படலாம்.

கேள்வி: அங்கேயே பாட்டில் வாங்கலாமா? 40 வருட போர்ட் வாங்கச் சொல்லி வற்புறுத்துகிறார்கள்.

பதில்: வாங்கலாம், ஆனால் ருசி பார்த்து, உங்களுக்குப் பிடித்தால் மட்டும். லேபிளில் 10, 20, 30, 40 என்று இருப்பது பெரும்பாலும் மரப்பீப்பாயில் ஊறிய டானி வகை. அந்த எண்ணை அப்படியே பாட்டிலின் வயதாக எடுக்கக் கூடாது: பல வருட ஒயின்களைக் கலந்து, அந்த வயதின் குணம் வந்திருக்கிறதென்று அரசு நிறுவனத்தின் குழு ருசி பார்த்து ஒப்புக்கொண்டது. ஒரே வருடத்து டானி வேண்டுமென்றால் ‘கொல்யைட்டா’ என்று பாருங்கள், குறைந்தது ஏழு வருடம் மரத்தில் இருந்திருக்கும். என் கணக்கில் காசுக்கு நியாயம் செய்வது 10, 20 வருட டானிதான். திறந்தபின் சில வாரம் தாங்கும், மெதுவாகக் குடிக்கலாம். ‘விண்டேஜ்’, அதாவது ஒரே வருடத்து ஒயினைப் பீப்பாயில் அதிகம் வைக்காமல் பாட்டிலில் ஊறவிட்டது, வாங்கினால் திறந்த ஓரிரு நாளில் முடிக்க வேண்டும், நாலு பேர் குடிக்காத வீட்டுக்கு அது தண்டம். பாட்டில் கழுத்தில் அந்த அரசு நிறுவனத்தின் உத்தரவாத முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனிப் பாட்டில் என்றால் போர்ட்டோ சூப்பர்மார்க்கெட் விலையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இந்தியாவுக்குள் தலைக்கு 2 லிட்டர் வரை மதுவுக்குச் சுங்கம் இல்லை, பாட்டிலைச் செக்-இன் பெட்டியில் துணிக்கு நடுவில் சுற்றி வையுங்கள்.

கேள்வி (முதலில் கேட்டவர்): மாமியார் குடிக்கவும் மாட்டார், சைவம் வேறு. அவருக்கு என்ன இருக்கிறது?

பதில்: பண்ணைகளில் ஆலிவ் எண்ணெயும் ரொட்டியும் ருசி பார்க்கத் தருவார்கள், முன்கூட்டிச் சொன்னால் ஒயின் இல்லாமல் சுற்றிப்பார்க்கும் கட்டணம் உண்டா என்றும் கேட்கலாம். சாப்பாட்டில்தான் கவனம். ‘கறி இல்லாமல்’ என்றால் மீனைக் கொண்டுவந்து வைப்பார்கள், அது அவர்கள் கணக்கில் கறி இல்லை. கீரை சூப்பிலும் ஒரு துண்டு பன்றி இறைச்சி மிதக்கும். ‘கறியும் வேண்டாம், மீனும் வேண்டாம்’ என்று இரண்டையும் சொல்லுங்கள். கேட்காமலே மேஜைக்கு வரும் ரொட்டி, ஆலிவ், சீஸ் இலவசம் என்று நினைக்காதீர்கள், தொட்டால் பில்லில் வரும். தொடாமல் வைத்தால் சட்டப்படி காசு கேட்க முடியாது. அப்படியும் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். ரேகுவா ஸ்டேஷனில் பெண்கள் கூடையில் காகிதம் சுற்றின மிட்டாய் விற்பார்கள், ரயில் நிற்கிற நேரத்துக்குள் ஒரு பொட்டலம் வாங்கிவிடுங்கள், சில்லறை கையில் இருக்கட்டும்.