பித்தளையைப் பார்க்காதீர்கள், குழலைப் பாருங்கள்: பழைய மசில்லோடர் கேள்வி-பதில்

மான் சீசன் நெருங்க நெருங்க, அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களிடமிருந்து வரும் கேள்விகளில் பாதி மசில்லோடரைப் பற்றித்தான். தெரியாதவர்களுக்காக ஒரு வரி: குழலின் வாய் வழியாக முதலில் வெடிமருந்து, அதன் மேல் ஈயக் குண்டு என்று போட்டு, கோலால் இடித்து இறக்கிச் சுடுகிற துப்பாக்கி இது. நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்போமே, அதே வேலைமுறை. புதிது வாங்கக் கை வராமல் பழசு தேடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

ஆபீஸ் நண்பர் ஒருவர் தாம்சன் சென்டர் கம்பெனியின் ஹாக்கன் மசில்லோடர், .50 காலிபர் (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்), விற்கிறார். "ஆரம்பத்தில் இன்லைன்தான் சுலபம்" என்று இன்னொருவர் தடுக்கிறார். எதை வாங்குவது? (பிட்ஸ்பர்க்)

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் நீங்கள் பென்சில்வேனியாவில் இருக்கிறீர்கள். அதனால் விஷயம் கொஞ்சம் மாறுகிறது.

மருந்தைப் பற்றவைக்கும் விதத்தில் மூன்று வகை உண்டு. சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கிற ஃபிளின்ட்லாக். குழலின் பின்பக்கம் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் துளைக் குமிழின் மேல், அடித்தால் பொறி விடும் கேப் என்ற சின்ன மூடியைச் செருகி, சுத்தியல் அடிக்கிற கேப்லாக். கேப்பு குழலுக்கு நேர் பின்னால் உட்காருகிற இன்லைன். இந்த மூன்றாவது வகையைப் பரவலாக்கியது 1985-இல் டோனி நைட் கொண்டுவந்த எம்கே-85. பார்க்க நவீன ரைஃபிள் மாதிரியே இருக்கும், கழுவுவதும் சுலபம்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு பென்சில்வேனியாவில் வரும் மசில்லோடர் சீசன் ஃபிளின்ட்லாக்குக்கு மட்டும். 1974-இலிருந்து அப்படித்தான். அந்தப் பனிக்காலச் சீசனுக்குப் போகத்தான் ஆசை என்றால் இன்லைன் உதவாது, கேப்லாக்கும் உதவாது. நண்பருடைய ஹாக்கன் எந்த வகை என்று முதலில் கேளுங்கள், ஏனென்றால் அந்த மாடல் இரண்டு வகையிலும் வந்திருக்கிறது. வேட்டை பிறகு பார்த்துக்கொள்ளலாம், ரேஞ்சில் சுட்டுப் பழகினால் போதும் என்றால் கேப்லாக் ஹாக்கனைக் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். 1970-இல் வந்த மாடல். ஏராளமாக விற்றிருப்பதால் உதிரி பாகம் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் கிடைப்பார்கள். ஃபிளின்ட்லாக்கைப் புதியவர் எடுத்தால் பொறி வராமல் போவதற்கான காரணத்தைத் தேடியே முதல் சீசன் முடிந்துவிடும். அந்தத் தேடலே பிடித்துப்போகிறவர்களும் உண்டு, நான் அந்தக் கட்சி.

விற்பவர் மேஜையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு நிற்கிறார். எனக்குப் பத்து நிமிடம்தான். எதைப் பார்க்க வேண்டும்? (ஒஹாயோ)

முதலில் என் கதை. நான் வாங்கிய முதல் மசில்லோடரின் பித்தளைப் பூண்கள் குத்துவிளக்கு மாதிரி மின்னின. வால்நட் கட்டையில் ஒரு கீறல் இல்லை. பேரம்கூடப் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து குழலுக்குள் துணியை விட்டு இழுத்தால் செங்கல் பொடி நிறத்தில் வந்தது. இன்னொரு துணி விட்டேன், அது கிழிந்தே வந்தது. உள்ளே பழைய போர்வெல் குழாய்தான். முந்தைய சொந்தக்காரர் வெளியே துடைத்த நேரத்தில் பாதியை உள்ளே செலவழித்திருக்கலாம். அன்றிலிருந்து கட்டையையும் பித்தளையையும் கடைசியில்தான் பார்க்கிறேன்.

குழலுக்குள் பார்ப்பதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: மருந்து போட்டபடியே இருக்கிறதா என்று பார்ப்பது. சிரிக்காதீர்கள். பழைய மசில்லோடர்கள் பலவற்றைப் பின்பக்கம் சட்டென்று திறந்து பார்க்க வழி இல்லாததால், எப்போதோ கெட்டித்த மருந்தும் குண்டும் அப்படியே பரணில் வருஷக்கணக்கில் கிடப்பது அடிக்கடி நடக்கிறது. நிப்பிளில் கேப்போ, ஃபிளின்ட்லாக் என்றால் பொறி விழும் கிண்ணத்தில் மருந்தோ இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். குழலை யார் பக்கமும் நீட்டாமல் இடிகோலை உள்ளே முழுதாக இறக்குங்கள். குழல்வாய் விளிம்பில் கோலின் மேல் விரல்நகத்தை வைத்து அடையாளம் பிடியுங்கள். வெளியே எடுத்துக் குழலின் மேல் அதே நீளத்துக்குப் படுக்க வைத்தால் கோலின் நுனி நிப்பிள் அல்லது பொறித்துளைக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். சில குழல்களின் அடியில் மருந்துக்கென்று சற்றுக் குறுகலான அறை இருக்கும், அதனால் கொஞ்சம் முன்னால் நிற்பது சகஜம். ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. சத்தத்தையும் கேளுங்கள். இரும்புக் கோலாக இருந்தால் காலிக் குழலில் 'டங்' என்று கேட்கும், குண்டின் மேல் விழுந்தால் 'தொப்'. அப்படிக் கேட்டால் துப்பாக்கியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு விற்பவரிடம் சொல்லுங்கள். அதை வெளியே எடுப்பது துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை, உங்களுடையது இல்லை.

காலி என்று தெரிந்த பிறகு, விரல் நுனி அளவு எல்இடி விளக்கு ஒன்றைக் குழலுக்குள் போட்டு மேலிருந்து பாருங்கள். குண்டைச் சுழற்றிவிட உள்ளே சுருளாக வெட்டியிருக்கும் வரிப்பள்ளங்களின் விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும். அப்புறம் இறுக்கமான துணியைக் கோலில் சுற்றி, அவர் அனுமதியோடு, மெதுவாக ஏற்றி இறக்குங்கள். கண்ணைவிடக் கை அதிகம் சொல்லும். சொரசொரப்பு ஒரே சீராக லேசாக இருந்தால் பயமில்லை, அப்படிப்பட்ட குழல்கள் நன்றாகவே சுடும். ஓரிடத்தில் மட்டும் துணி சட்டென்று தளர்ந்து மறுபடி இறுகினால் எழுந்து வந்துவிடுங்கள். குண்டை மருந்தின் மேல் உட்கார வைக்காமல் நடுவில் விட்டுச் சுட்டிருக்கிறார்கள், அந்த இடத்தில் குழல் மோதிரம் போல வீங்கியிருக்கிறது. அதற்கு வைத்தியம் கிடையாது.

மிச்ச நேரத்தில் சுத்தியல். முழுதாக இழுத்து வைத்து, விசையைத் தொடாமல் கட்டைவிரலால் முன்னே தள்ளிப் பாருங்கள், நழுவக் கூடாது. பாதி இழுத்த நிலையில் விசையை அழுத்தினாலும் விழக் கூடாது. இரண்டு சோதனையின்போதும் சுத்தியலை விரலால் பிடித்துக்கொண்டோ, நடுவில் ஒரு தோல் துண்டை வைத்தோ செய்யுங்கள். வெறும் நிப்பிளில் விழவிட்டால் நிப்பிள் நசுங்கும், விற்பவர் முகமும் மாறும். கட்டையில் கைப்பிடி ஒடுங்கும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நிப்பிள் தேய்ந்திருப்பது பெரிய குறை இல்லை, சில டாலரில் புதிது வரும். ஆனால் அது திருகிக் கழலுகிறதா என்று பாருங்கள். இன்லைன் என்றால் குழலின் பின்பக்கத்தை அடைக்கிற திருகாணி கழல வேண்டும். கழற்றியே பல வருஷமாகித் துருவில் இறுகிப்போயிருந்தால், நானாக இருந்தால் வாங்க மாட்டேன்.

இணையத்தில் படம் பார்த்து வாங்கலாமா?

குழலுக்குள் எடுத்த படமும், திருப்பி அனுப்ப மூன்று நாள் அவகாசமும் கொடுத்தால் வாங்கலாம். 'தாத்தாவுடையது, உள்ளே எப்படி இருக்கிறதென்று எனக்குத் தெரியாது' என்று எழுதியிருந்தால், தெரியும் என்று அர்த்தம். இண்டியானாவில் ஃபிரெண்ட்ஷிப் என்ற சின்ன ஊரில் தேசிய மசில்லோடிங் ரைஃபிள் சங்கத்தின் ரேஞ்ச் இருக்கிறது, சங்கம் 1933-இல் தொடங்கியது. அங்கே போட்டி நடக்கும் நாட்களில் ஒரு நடை போய் வந்தால் கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம். அங்கே விற்கிற ஆட்களில் பலர் சுடுகிற ஆட்கள். குழலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் விளக்கை அவர்களே எடுத்து நீட்டுவார்கள்.

அடகுக் கடையில் சிவிஏ கம்பெனி இன்லைன் ஒன்று அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (டென்னசி)

குழலில் இருக்கும் சீரியல் நம்பரை முதலில் படியுங்கள். கடைசி இரண்டு இலக்கம் 95 அல்லது 96 என்றால் வேண்டாம். அந்த இரண்டு வருஷத்து இன்லைன்களை 1997-இல் கம்பெனியே பாதுகாப்புக் காரணத்துக்காகத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பிறகு கம்பெனி கைமாறிவிட்டது. அந்தத் துப்பாக்கிகள் இன்னும் அடகுக் கடைகளில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சுவரில் மாட்டக்கூட வாங்காதீர்கள், யாராவது ஒருநாள் எடுத்துச் சுடுவார்கள். இப்போது வருகிற சிவிஏ இன்லைன்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

குழலில் 1:48 என்று போட்டிருக்கிறது. என்ன அர்த்தம்?

வரிப்பள்ளம் 48 அங்குல நீளத்தில் ஒரு முழுச்சுற்று சுற்றுகிறது என்று அர்த்தம். துணியில் பொதிந்த உருண்டைக் குண்டுக்கு மெதுவான சுற்று, அதாவது 1:60, 1:66, பிடிக்கும். நீளக் குண்டுக்கு வேகமான சுற்று, இன்லைன்களில் 1:28 சாதாரணம். 1:48 இரண்டுக்கும் நடுவில். தாம்சன் சென்டர் ஹாக்கனில் இருப்பது அதுதான். எதைப் போட்டாலும் சுமாராகச் சுடும், அந்தக் குழலுக்கு எது பிடிக்கிறது என்று நீங்கள்தான் சுட்டுச் சுட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.

மச்சானிடம் ரைஃபிள் தோட்டாவுக்குப் போடும் புகையில்லா மருந்து மிச்சம் இருக்கிறது. அதைக் கொஞ்சமாகப் போடலாமா?

கூடாது. கொஞ்சமாகவும் கூடாது, கலந்தும் கூடாது. மசில்லோடருக்கான மருந்து கரிமருந்து, அதாவது சுட்டால் புகை கக்கும் பழைய வகை. அதற்காகச் செய்த குழல் புகையில்லா மருந்தில் வெடித்துச் சிதறும், முதலில் போவது உங்கள் இடது கை. கடையில் கரிமருந்து, அல்லது பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் மாதிரி அதற்கு மாற்று என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். விற்பவர் பாதி டப்பா மருந்தை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். டப்பா மேல் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்று யார் சொன்னது?

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா? (நியூ ஜெர்சி)

இது ஓரிரு வரியில் முடியாது, ஆனால் அடிப்படை இதுதான். 1968-ஆம் ஆண்டின் ஃபெடரல் துப்பாக்கிச் சட்டம், கரிமருந்தில் மட்டும் சுடுகிற, தோட்டா போட முடியாத மசில்லோடரைப் 'பழங்காலத் துப்பாக்கி' என்று விலக்கி வைக்கிறது. அதனால்தான் பல மாநிலங்களில் தபாலில்கூட வந்துவிடுகிறது. ஆனால் குழலை மாற்றினால் தோட்டாவும் சுடக்கூடிய தாம்சன் சென்டர் என்கோர் போன்றவை அந்த விலக்கில் வராது. விசாவில் இருப்பவர்கள் சாதாரணத் துப்பாக்கி வைத்திருக்க ஃபெடரல் தடை உண்டு, வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகளோடு. ஆக, எந்த மாடல் என்பது உங்களுக்கு உயிர்நாடி. அதோடு நியூ ஜெர்சி தன் பங்குக்கு மசில்லோடரையும் துப்பாக்கியாகவே நடத்துகிறது, அடையாள அட்டை கேட்கும். விசா விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். துப்பாக்கிக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியை முதலில் ஒரு வழக்கறிஞருக்குக் கொடுங்கள்.

இதோடு சேர்த்து, 'ஊருக்குத் திரும்பும்போது கொண்டுபோகலாமா?' என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இங்கே ஃபெடரல் சட்டம் கண்டுகொள்ளாத இதே பொருளுக்கு இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். பெட்டியில் வைத்துவிட்டுச் சென்னை விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். விற்றுவிட்டுப் போங்கள்.

சுட்ட அன்றே கழுவ வேண்டும் என்கிறார்களே, உண்மையா? வீட்டில் நாற்றம் தாங்கவில்லை என்கிறார் மனைவி. (மிச்சிகன்)

உண்மை. அன்று இரவே. கரிமருந்தில் கந்தகம் இருக்கிறது, அந்த அழுகிய முட்டை வாடை அதனால்தான். எரிந்த கசடு காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஒரு வாரம் விட்டால், நீங்கள் அடுத்த வருஷம் விற்கும்போது இன்னொருவர் என்னைப் போலச் செங்கல் பொடியைப் பார்ப்பார். பைரோடெக்ஸில் பெர்குளோரேட் இருப்பதால் துரு இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

விலையுயர்ந்த திரவம் எதுவும் வேண்டாம். ஹாக்கன் மாதிரி துப்பாக்கியில் குழலைக் கட்டையோடு பிடித்திருக்கும் ஆப்பைத் தட்டி எடுத்தால் குழல் கட்டையிலிருந்து கழன்று வந்துவிடும். நிப்பிளைக் கழற்றிவிட்டு, குழலின் அடியைச் சோப்புப் போட்ட வெந்நீர் பக்கெட்டில் நிறுத்தி, மேலிருந்து துணி சுற்றிய கோலை ஏற்றி இறக்குங்கள். சைக்கிள் பம்ப் மாதிரி தண்ணீரை உறிஞ்சித் தள்ளும். முதல் பக்கெட் மசி மாதிரி ஆகும், இரண்டாவது பழுப்பு, மூன்றாவது தெளிவு. வெந்நீரில் குழல் சூடாவதால் தானே சீக்கிரம் காயும். காய்ந்ததும் எண்ணெய் பூசுங்கள், மறுநாள் ஒரு துணி விட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றையும் கராஜில் செய்யுங்கள், பக்கெட்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் துப்பாக்கி பக்கெட் நீலம், தரை துடைக்கிற பக்கெட் பச்சை. ஒரே ஒரு தடவை மாறிப்போனது. அதைப் பற்றி இன்னும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.