அந்த நேரத்துக்கு ஜாலி, அப்புறம் ஏன் வெறுமை?

கேள்வி: வயது 34. சொந்த ஊர் காவேரிப்பட்டினம் பக்கம். ஓசூரில் ஷிஃப்ட் வேலை, நண்பர்களோடு ரூமில் தங்கியிருக்கிறேன். சம்பளம் வந்தால் புதுசாக ஏதாவது வாங்குவேன். சனிக்கிழமை பிரியாணி, கொஞ்சம் மது, ராத்திரி இரண்டு மணி வரை ரீல்ஸ். அந்த நேரத்துக்கு ஜாலியாக இருக்கிறது, அப்புறம் மனசு வெறிச்சென்று ஆகிவிடுகிறது. எப்போதாவது ஊருக்குப் போய் அப்பாவோடு மாந்தோப்புக்குத் தண்ணீர் கட்டினால், உடம்பு வலித்தாலும் அன்று நிம்மதியாகத் தூங்குகிறேன். எனக்கு டோபமைன் என்ற மூளை ரசாயனம் குறைவா? ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாமா?

பதில்: டோபமைனுக்காக ரத்தம் கொடுக்க வேண்டாம் தம்பி. ரத்தத்தில் இருக்கும் டோபமைன் மூளைக்குள் போவதில்லை. அந்த அளவை வைத்து உங்கள் மனநிலையைச் சொல்ல யாராலும் முடியாது.

டோபமைன்தான் சந்தோஷத்தைத் தருகிறது என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1954-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸ், மில்னர் என்ற இருவர் எலியின் மூளையில் மெல்லிய கம்பியைப் பொருத்தினார்கள். ஒரு கட்டையை அழுத்தினால் லேசான மின்சாரம் உள்ளே போகும். எலி விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தது. அந்த இடத்துக்கு இன்ப மையம் என்றே பெயர் விழுந்தது. அதில் டோபமைனுக்குப் பங்கு உண்டு என்று பிறகு தெரிந்ததும், அதுதான் இன்பம் தரும் ரசாயனம் என்று பேச்சு பரவியது. பல வருடம் கழித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் குழுவினர் டோபமைனை ஏறக்குறைய இழந்துவிட்ட எலிகளைப் பார்த்தார்கள். அவை இரையைத் தேடிப் போகவே இல்லை. ஆனால் இனிப்பை வாயில் விட்டதும், மற்ற எலிகளைப் போலவே நாக்கைச் சுழற்றி ருசித்தன. 'வேணும், இன்னும் வேணும்' என்ற இழுப்புதான் டோபமைனின் முக்கிய வேலை. ருசித்து நிறைவது மூளையில் வேறு ஏற்பாடு.

ராத்திரி ஒன்றரை மணிக்கு ரீல்ஸ் தள்ளும்போது உங்களையே கவனித்துப் பாருங்கள். அந்த வீடியோ பிடித்திருக்கிறதா, இல்லை கட்டைவிரல் பாட்டுக்கு அடுத்ததைத் தேடுகிறதா? பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும். புதுப் பொருளும் அப்படித்தான், நாலு நாளில் மனசு அதற்குப் பழகிவிடும். அதற்காக பிரியாணியைத் தப்பு என்று சொல்லமாட்டேன். உழைக்கிறவனுக்கு நாக்குக்கு ருசி வேண்டும். வாரம் முழுக்க அது ஒன்றை மட்டுமே எதிர்பார்த்து ஓட்டும்போதுதான் வெறுமை வருகிறது.

மாந்தோப்பில் கிடைத்தது என்ன? அங்கே சுகம் என்று பார்த்தால் எதுவும் இல்லை. வெயில், சேறு, முதுகுவலி. ஆனால் மடையைத் திருப்பிவிட்டால் தண்ணீர் மரத்தடிக்குப் போய்ச் சேர்வது கண்ணுக்குத் தெரிகிறது. பக்கத்தில் அப்பா இருக்கிறார். நீங்கள் செய்தது ஒருவருக்குப் பயன்பட்டது. சந்தோஷம் என்று நான் சொல்வது அதைத்தான். ஹார்வர்டில் 1938-ல் தொடங்கி இன்றுவரை நடக்கும் ஆய்விலும் இதையே பார்க்கிறோம்: நெருக்கமான உறவுகள் நன்றாக இருந்தவர்கள் வயதான காலத்தில் உடம்பாலும் மனதாலும் நலமாக இருந்தார்கள்.

இன்னொரு காரணத்தையும் தள்ளிவிட முடியாது. மது சீக்கிரம் தூங்கவைக்கும், பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்துவிடும். மறுநாள் சோர்வும் மனச்சோர்வும் அதனாலேயே வரலாம். ஷிஃப்ட் வேலையில் தூக்கம் ஏற்கெனவே குழம்பியிருக்கும். அதனால் ஒரு மாதம் மதுவை விட்டுப் பாருங்கள். தினமும் குடிக்கிறவராக, காலையில் கை நடுங்குகிறவராக இருந்தால் மட்டும் திடீரென்று நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். போனை படுக்கைக்கு எட்டாத தூரத்தில் சார்ஜில் போடுங்கள். ஓசூரிலிருந்து ஊர் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். 'எப்போதாவது' என்பதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று ஆக்குங்கள்.

தோப்புக்குப் போனாலும் எதிலும் மனசு ஒட்டவில்லை, அதுவே இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது, பசியும் தூக்கமும் கெட்டுப்போகின்றன என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். குணப்படுத்தக்கூடியதுதான். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 மூன்றையும் பார்க்கச் சொல்வார்கள், அந்த ரத்தப் பரிசோதனைக்கு அர்த்தம் உண்டு. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.